மின் இணைப்பில்லாத மனையில் நிற்கும் காரின் பேட்டரி ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி: தெற்கு மாசி வீதிப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கிறது. பைக் மட்டுமே நுழையக்கூடிய சந்து என்பதால், காரை அனுப்பானடியில் மாத வாடகைக்குப் பிடித்த ஒரு காலி மனையில் நிறுத்துகிறோம். சுற்றுச்சுவரும் தகரக் கூரையும் அங்கே உண்டு. மின் இணைப்பு கிடையாது. ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்றால் பக்கத்தில் வீடும் இல்லை.

சிறிய பெட்ரோல் கார், கியர் வண்டி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பேட்டரி மாற்றி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அம்மாவை மாதாந்தரப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும், எப்போதாவது உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகவும்தான் வண்டியை எடுக்கிறோம். கொஞ்ச நாட்களாக, ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நின்றாலே செல்ஃப் எடுப்பதில்லை. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறப்பதில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகள் மங்கலாக எரிந்து, பானட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது.

சென்ற முறை ஒரு மெக்கானிக் வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, பேட்டரியை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினோம். அடுத்த வாரமே பழைய நிலை. பேட்டரி வாங்கிய கடையில் காட்டியபோது அவர்கள் பேட்டரியில் குறையில்லை என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? மின்சாரமே இல்லாத இடத்தில் சார்ஜ் குறையாமல் வைத்திருக்க வழி உண்டா? அம்மாவுக்குக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை இருக்கும் நாளில் வண்டி கிளம்பவில்லையென்றால் மிகவும் சிரமமாகிவிடுகிறது. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், பைபாஸ் சாலை

ஐயா, இருவரில் யார் சொல்வது சரி என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் எதையும் போடாமல் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் பேட்டரியை மாற்றும் பேச்சு.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் பாருங்கள். 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு வினாடிகளில், சார்ஜ் நிறைந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

நீங்கள் சொல்வதைப் படித்தால் எனக்குச் சந்தேகம் பேட்டரி மீதில்லை. வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய 150 ஆம்பியர் வரை இழுத்தாலும், அது மூன்று வினாடிக்கு மேல் நீடிப்பதில்லை. ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி; கணக்குப் போட்டால் அதில் எட்டில் ஒரு பங்குதான் செலவு. ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி காலியாவதில்லை, நின்றுகொண்டிருப்பதால்தான் காலியாகிறது. பட்டறைக்கு வரும் பலருக்கும் இதை நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

வண்டி வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திய கேமரா, ஜிபிஎஸ் கருவி, அலாரம் ஏதேனும் உண்டா? டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா? இவற்றைச் சொல்லுங்கள்.

மறுமொழி: அவனியாபுரம்

இவ்வளவு சோதனைக்குப் போவானேன்? கியர் வண்டிதானே, நான்கு பேர் சேர்ந்து தள்ளி இரண்டாவது கியரில் விட்டால் கிளம்பிவிடும். ஆள் இல்லையென்றால், அந்தப் பக்கம் லாரிகள் நிற்கும். ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்டு அவர் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுத்துவிடலாம்.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், பைபாஸ் சாலை

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் லாரி விஷயத்தில் அனைவரும் கவனமாக இருக்க வேண்டும். லாரியிலும் பேருந்திலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதை அப்படியே காருக்குக் கொடுத்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, மீட்டர், ஏர்பேக் மாட்யூல் எல்லாம் ஒரே நொடியில் போய்விடலாம். அந்தச் செலவுக்கு பத்துப் பேட்டரி வாங்கலாம். தயவுசெய்து லாரியிலிருந்து எடுக்காதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கார்புரேட்டர் காலத்தில் எப்போதும் கைகொடுத்த வழி. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் கணினியும் உயிரோடு இருக்கும் அளவுக்காவது பேட்டரியில் மிச்சம் இருந்தால்தான் அது பலிக்கும். மீட்டர் விளக்கே வரவில்லை என்றால் அனுப்பானடியிலிருந்து தெப்பக்குளம் வரை தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டிகளை, கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டிகள் உட்பட, தள்ளவே வேண்டாம்.

இன்னொரு காரிலிருந்து கேபிள் போடுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல், இரண்டும் ஆஃப் செய்யப்பட்டு நிற்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிப்போன பேட்டரியின் ப்ளஸ்ஸிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிப்போன வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ இரும்புப் பகுதியிலோ, பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் அந்தப் பொறி பேட்டரிக்கு அருகில் வரக் கூடாது. நல்ல வண்டியின் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள். கழற்றும்போது மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும்.

கேபிள் வாங்கும்போது கிளிப்பின் பளபளப்பைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் செம்பின் கனத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மேலே தடித்த ரப்பரும் உள்ளே நூல் போல ஒயரும் இருக்கும் கேபிள் சூடாகுமே தவிர வண்டியைக் கிளப்பாது.

மறுமொழி: சோழவந்தான், விவசாயம்

தம்பி, எங்கள் தோப்பிலும் இதே நிலைதான். அங்கே இருப்பது மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு. அதிலிருந்து வேறு உபயோகத்துக்கு எடுப்பது விதிப்படி தவறு என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. கார் கொட்டகையின் மேல் 20 வாட் சோலார் பேனல் ஒன்றை மாட்டி, சிறிய சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகப் பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். வண்டி எத்தனை நாள் நின்றாலும் காலையில் ஒரே அடியில் எடுக்கிறது.

கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாகக் கொடுக்காதீர்கள். 12 வோல்ட் பேனல் என்று பெயர் இருந்தாலும், சுமை இல்லாதபோது வெயிலில் அது 21 வோல்ட் வரை காட்டும். நாள்தோறும் அப்படி ஏறினால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, அதன் பிறகு பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனலை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரி ப்ளஸ்ஸுக்கு அருகில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வகை கேட்கும் கன்ட்ரோலராக இருந்தால் லெட்-ஆசிட் என்று வைக்க வேண்டும்.

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், பேனலைத் தெற்கு நோக்கி அதே 10 டிகிரி சாய்த்தால் போதும். மழையில் தூசியும் தானாகக் கழுவிப்போகும். நிழல் மட்டும் ஆகாது. பேனலின் ஒரு மூலையில் வேப்பங்கிளையின் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் பாதிக்குக் கீழே போய்விடும்.

அவசரத்துக்கு டிராக்டரிலிருந்து கேபிள் போடலாம். அதுவும் 12 வோல்ட்தான், பேட்டரியும் பெரியது. சொந்த ஊருக்குப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டால் இது நினைவில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னபடி பார்த்தேன். ஒரு வாரம் நின்ற பிறகு 11.4 வோல்ட். பக்கத்து மனைக்காரர் காரிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினை எடுத்த பிறகு 14.2 வோல்ட், ஆகவே ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். டெர்மினல் மீது வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருக்கிறது.

முன்கண்ணாடியில் ஒரு கேமரா உண்டு. வண்டி நிற்கும்போது யாரேனும் இடித்தால் பதிவாகும் என்று சொல்லி, சாவி இல்லாமலும் மின்சாரம் வரும்படி ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒயர் கொடுத்திருக்கிறார்கள். பிரச்சினை தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அதுதான் காரணமா என்பதை எப்படி உறுதி செய்வது?

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், பைபாஸ் சாலை

பெரும்பாலும் அதுவேதான். உறுதி செய்ய இப்படிச் செய்யுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து, கதவுகளைப் பூட்டிவிடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். முதலில் சில ஆம்பியர்கள்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் மாட்யூல்கள் எல்லாம் உறங்கப் போவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேல் இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

டெர்மினலில் பூத்திருப்பதைச் சாவியால் சுரண்டாதீர்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் செல் மூடிகளுக்குள் போகாமலும் கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். அந்தப் பூப்பு ஒன்றே போதும், நல்ல பேட்டரியையும் வீக் என்று காட்டுவதற்கு.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்து 0.19 ஆம்பியர் காட்டியது. கேமராவின் ஃப்யூஸை எடுத்தவுடன் 0.02-க்கு இறங்கிவிட்டது.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், பைபாஸ் சாலை

உங்கள் பேட்டரிக்கும் கடைக்காரருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. 0.19 ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 4.56 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதும் நிறைந்திருந்தாலும் ஒரு வாரத்தில் 32 போய்விடும். எஞ்சினைக் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டதில் இரண்டு மூன்று ஆம்பியர்-மணிக்கு மேல் சேர்ந்திருக்காது. அதைக் கேமரா ஒரே நாளில் தின்றுவிட்டிருக்கும். கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது வண்டியை நகர்த்துவதற்கு மட்டுமே. அது சார்ஜ் ஏற்றியதாகாது.

கேமரா இணைப்பை சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸுக்கு மாற்றிவிடுங்கள். மீதமுள்ள 0.02 ஆம்பியர் வண்டியின் சொந்தத் தேவை. அதுவும் மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி ஆகிறது என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

மறுமொழி: திருநகர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பேட்டரி பலமுறை முழுவதும் இறங்கியிருப்பதால், அதை இனி ஒரு நாள்கூட அந்த நிலையில் விட்டுவைக்காதீர்கள். மின்சாரம் வெளியேறும்போது ஈயத் தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மீண்டும் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அந்தப் பகுதி வேலைக்கு வராது. வெப்பம் கூடும்போது பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகமும் கூடுகிறது; ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இருமடங்கு என்பது பொதுக் கணக்கு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்ன வெப்பம் இருக்கும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு மிக எளிய வழி, பேட்டரியையே வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் செய்வதுதான். இந்த அளவுப் பேட்டரி பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும், ஒருவரே தூக்கலாம். கழற்றும்போது மைனஸை முதலிலும் ப்ளஸ்ஸைப் பிறகும் கழற்றுங்கள்; மாட்டும்போது ப்ளஸ் முதலில். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள். சாய்ந்தால் அமிலம் கசியும். தானாக நின்றுவிடும் சார்ஜரில் 3.5 ஆம்பியர் அளவில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மொட்டை மாடியிலோ காற்றோட்டமான தாழ்வாரத்திலோ வைத்துச் செய்யுங்கள். ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால் அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் வைக்கவே கூடாது.

மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்று பார்த்து, முழு அளவுக்கு ஊற்றுவதைச் சார்ஜ் ஏறிய பிறகு செய்யுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே.

கேள்வி கேட்டவர்

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டரியைக் கொண்டுவந்து மாடியில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினேன். காலையில் சார்ஜரைக் கழற்றி, மாலையில் பார்த்தபோது 12.6 இருந்தது. கேமரா இணைப்பையும் மாற்றியாயிற்று.

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும் சமயத்தில் எங்கள் பக்கத்தில் போக்குவரத்தை மாற்றிவிடுவதால், காரைப் பல நாட்கள் எடுக்காமலே இருந்துவிடுவோம். அதுபோன்ற நேரங்களில் மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிடலாமா, அல்லது சோலார் பேனல்தான் நல்லதா? மனைக்குக் காவலாள் கிடையாது.

மறுமொழி: சோழவந்தான், விவசாயம்

காவல் இல்லாத இடத்தில் கூரை மேல் பேனல் மாட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தோப்பில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் வைக்கும் சிறிய பேனலும், உங்கள் வண்டி கூரைக்குக் கீழே நிற்பதால் பயன்தராது. கேபிளைக் கழற்றி வைப்பதே உங்களுக்குச் சரி.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், பைபாஸ் சாலை

அண்ணன் சொல்வதே என் கருத்தும். பத்து நாளுக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் மைனஸைக் கழற்றி, முனை டெர்மினலைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றிய பிறகு ரிமோட்டும் சென்ட்ரல் லாக்கும் வேலை செய்யாது. ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டித் திறக்க முடிகிறதா என்பதை முன்கூட்டியே ஒரு முறை சோதித்துவிடுங்கள். பல நாள் பயன்படுத்தாத சாவித்துளை இறுகிப்போயிருக்கும். திரும்ப மாட்டியதும் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எஞ்சின் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏற்ற இறக்கமாக இருந்து தானாகச் சீராகும்.

மாதம் ஒரு முறை வண்டியை எடுக்கும்போது, மருத்துவமனையிலிருந்து நேரே மனைக்குத் திரும்பாமல் மேலூர் வரை நான்குவழிச் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அங்கே போய்வர 60 கிலோமீட்டர் இருக்கும். இரண்டு மூன்று ஆம்பியர்-மணிக்குப் பதிலாகப் பத்துக்கு மேல் ஏறும். பரிசோதனைக்கு முந்தைய மாலை மனைக்குப் போய்க் கேபிளை மாட்டி, வோல்ட் பார்த்து, ஒரு முறை ஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள். 12.2-க்குக் கீழே இருந்தால் அன்றிரவே பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிவந்து சார்ஜில் போடுவதற்கு நேரம் இருக்கும்.